ஆடும் உடலைத் துரத்தும் வெளிச்சம்

சுவர் நகராது. அதனால்தான் சுவரில் படம் காட்டுவது எளிது. பழைய கோட்டை மதில்களிலும் அரண்மனை முகப்புகளிலும் இரவில் நடக்கும் ஒளிக்காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலைச் சுற்றி மட்டும் வண்ணம் ஓடும். தூணில் மட்டும் கொடி படரும். ஒருமுறை அளவெடுத்துப் புரொஜெக்டரை அசையாமல் பொருத்திவிட்டால், மறுநாளும் அதே தூணில் அதே கொடி படரும். கட்டடம் எங்கும் போய்விடாது.

அந்தச் சுவருக்குப் பதிலாக, ஆடுகிற ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். அவர் கையை வீசுகிறார், சட்டெனத் திரும்புகிறார், முழங்காலை மடக்கி நிமிர்கிறார். அவருடைய உடையின் மேல் மட்டும் படம் விழ வேண்டும். பின்னாலுள்ள திரையில் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

2013 ஜூன் மாதம், பிரான்ஸின் கான் நகரில் விளம்பரத் துறையினர் கூடும் கான் லயன்ஸ் விழா மேடையில் இதுதான் நடந்தது. விறைப்பான மடிப்புகள் கொண்ட வெள்ளை உடையில் மூன்று ஜப்பானியப் பெண்கள் ஆடினார்கள். உடைகளின் மேல் கோடுகளும் கட்டங்களும் வண்ணங்களும் ஓடின. கை உயர்ந்தால் அவையும் உயர்ந்தன. இடுப்பு திரும்பினால் கூடவே திரும்பின. உடைக்குள் விளக்கு தைத்திருக்கிறார்களோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வெளிச்சம் வெளியிலிருந்துதான் வந்தது.

அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று வெளிச்சத்துக்கு எப்படித் தெரிந்தது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது. போகிற வழியில் இன்னொரு கேள்வியும் வந்து சேரும். இத்தனை இயந்திரங்களுக்கு நடுவில் ஆடும் மூவரைப் பார்த்து இலட்சக்கணக்கானோர் ஏன் மனம் நெகிழ்கிறார்கள்?

ஹிரோஷிமாவிலிருந்து வந்த மூவர்

குழுவின் பெயர் பெர்ஃப்யூம். ஆ-சான் என்று அழைக்கப்படும் நிஷிவாகி அயாகா, காஷியூகா என்கிற காஷினோ யூகா, நோச்சி என்கிற ஓமோட்டோ அயானோ. மூவரும் ஹிரோஷிமாவில் ஒரே கலைப்பள்ளியில் ஆடவும் பாடவும் கற்றவர்கள். பள்ளிச் சிறுமிகளாக இருந்தபோதே குழு உருவாகிவிட்டது. 2003-இல் டோக்கியோவுக்கு வந்தார்கள். 2005-இல் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியே முதல் இசைத்தட்டு வெளியானது. 2007-இல் வந்த 'பாலிரிதம்' அவர்களை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டு 'கேம்' இசைத்தொகுப்பு ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2010 நவம்பரில் டோக்கியோ டோம் அரங்கில் ஆடினார்கள்.

இவர்களுக்குப் பின்னால் மூன்று பேரை நினைவில் வைக்க வேண்டும். பாடல்களை உருவாக்கிய யாசுடாகா நகாடா முதலாமவர். நடனம் அமைத்த மிகிகோ இரண்டாமவர். இவர் ஹிரோஷிமாப் பள்ளியிலேயே மூவருக்கும் ஆசிரியை. 2010 முதல் மேடைத் தொழில்நுட்பத்தைக் கவனித்த ரைசோமாட்டிக்ஸ் நிறுவனத்தின் டைட்டோ மனாபே மூன்றாமவர். கணிதம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர்.

சிறு வயது முதல் ஒரே ஆசிரியையிடம் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் என்பதை வாசகர் மறந்துவிட வேண்டாம். வாழ்க்கைக் குறிப்பு போலத் தோன்றும் இந்தச் செய்தி, சற்று நேரத்தில் நம் கணக்குக்குள்ளேயே வந்து நிற்கப் போகிறது.

ஒரு கை, ஒரு கணக்கு

புரொஜெக்டரைத் தலைகீழாக வேலை செய்யும் கேமரா என்று சொல்லலாம். கேமராவுக்குள் உலகின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிர் வந்து விழுகிறது. புரொஜெக்டரிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதிர் வெளியே போகிறது. மேடையில் ஒரு கை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்தக் கதிரை ஏற்ற வேண்டும் என்பது வெறும் வடிவியல். கணினி அதை நொடியின் சிறு பங்கில் முடித்துவிடும்.

கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் இன்று பெரிய சிக்கல் இல்லை. சாதாரண கேமராவை வைத்தால், உடைமேல் ஓடும் படமே அதைக் குழப்பும். அதனால் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவது வழக்கம். மேடை முழுவதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பார்வையாளருக்கு அவை எரிவதே தெரியாது. உடலில் ஒட்டிய சிறு குறிகள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்தக் குறிகளை மட்டுமே பார்க்கும். பல கேமராக்கள் ஒரே குறியைப் பல கோணங்களில் பார்ப்பதால் அதன் இடம் துல்லியமாகக் கிடைக்கும். மோஷன் கேப்சர் என்று சினிமாக்காரர்கள் சொல்வது இதைத்தான். நாம் இதை அசைவுப்பதிவு என்று அழைப்போம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? நேரத்தில். ஒரு கையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் தொங்கும் அந்தக் கையை, தோள் உயரத்துக்கு நேராகத் தூக்க வேண்டும். அதாவது கால் வட்டம். வேகமான நடனத்தில் இதற்கு 0.3 நொடி ஆகலாம். அதற்குள் மணிக்கட்டு ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் வளைந்து பயணிக்கிறது. கணக்கிட்டால் வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல்.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம். நொடிக்கு 120 படம் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கு 8 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிநொடி. குறிகளைக் கண்டு இடத்தைக் கணக்கிட 5 மில்லிநொடி. அந்த இடத்துக்கேற்ற படத்தை வரைய, நொடிக்கு 60 படம் வரையும் கணினிக்கு 17 மில்லிநொடி. புரொஜெக்டர் அதை வாங்கி வெளியே விட இன்னொரு 20. மொத்தம் 50 மில்லிநொடி. இந்த 50-ஐத்தான் தாமதம் என்கிறோம்.

இருபதில் ஒரு நொடி. பேச்சுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் நொடிக்கு 3 மீட்டர் போகும் மணிக்கட்டு அந்த 50 மில்லிநொடியில் 15 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. முன்கையின் அகலமோ 7, 8 சென்டிமீட்டர்தான். அதாவது, கைக்கென்று வரைந்த படம் வந்து விழும்போது கை அங்கே இருப்பதே இல்லை. படம் முழுவதும் பின்னாலுள்ள திரையில் சிந்திக் கிடக்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 50 மில்லிநொடித் தாமதத்தை நேரமாக நம்மால் எளிதில் உணர முடிவதில்லை. ஆனால் அதே தாமதம் 15 சென்டிமீட்டர் இடைவெளியாக மாறியவுடன் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். நேரத்தில் நம் கண் பெருந்தன்மையோடு நடந்துகொள்கிறது. இடத்தில் அந்தப் பெருந்தன்மை அதற்கு இல்லை.

தாமதத்தையே குறைத்தால் என்ன? அந்த வழியில் ஜப்பானிலேயே பெரும் வேலை நடந்திருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மசடோஷி இஷிகாவாவின் ஆய்வுக்கூடம் 2015-இல் வெளியிட்ட டைனாஃபிளாஷ் என்னும் புரொஜெக்டர் நொடிக்கு 1000 படங்களை வீசும். அதன் தாமதம் 3 மில்லிநொடி. மற்ற பாகங்களும் அதே வேகத்தில் ஓடினால், நம் மணிக்கட்டுக் கணக்கில் பிழை 15 சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் கான் நிகழ்ச்சி 2013-இல் நடந்தது. அந்தக் கருவி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.

நிற்கும் இடத்தில் தப்பும் ஊகம்

தாமதத்தைக் குறைக்க முடியாவிட்டால் எதிர்காலத்தைக் கணிக்கலாம். கை இப்போது இந்த இடத்தில் இருக்கிறது, இந்தத் திசையில், இந்த வேகத்தில் போகிறது. எனவே 50 மில்லிநொடி கழித்து இன்ன இடத்தில் இருக்கும் என்று கணித்து, அந்த இடத்துக்குப் படத்தை அனுப்பலாம். பறந்து வரும் பந்தைப் பிடிக்க நம் மூளை செய்வதும் இதே வேலைதான்.

பந்துக்கு இது சரி. பந்து தன் மனம்போல நிற்காது. ஆடுபவர் நிற்பார்! பெர்ஃப்யூம் நடனத்தின் உயிரே அந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது. முழு வேகத்தில் போகும் கை, தாளத்தின் மேல் வந்து நறுக்கென்று நிற்கும். மூன்று கைகளும் ஒரே கோணத்தில் நிற்கும். வேகத்தை வைத்துக் கணித்த இயந்திரமோ, கை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிப் படத்தை 15 சென்டிமீட்டர் தாண்டி வீசும். நடனம் மிக அழகாக இருக்கும் கணத்தில் கணிப்பு மிக மோசமாகத் தோற்கும்.

அப்போது மிஞ்சும் வழி ஒன்றுதான். நடனத்தையே முன்கூட்டித் தெரிந்துகொள்வது.

மிகிகோவின் நடன அமைப்பில் தற்செயலுக்கு இடம் குறைவு. எந்தத் தட்டில் எந்த விரல் எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பது வரை தீர்மானமானது. மூவரையும் முன்பே ஆடவைத்து அசைவுப்பதிவு செய்து வைத்துக்கொண்டால், பாட்டின் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒவ்வொரு மூட்டு எங்கே இருக்கும் என்ற அட்டவணை கிடைத்துவிடும். மேடையில் பாட்டு ஓடத் தொடங்கியதும், இயந்திரம் அந்த அட்டவணையில் 50 மில்லிநொடி முன்னால் பார்த்துப் படத்தை வரைந்தால் போதும். எங்கே நிற்பார்கள் என்பதும் அதற்குத் தெரியும்.

ஆனால் இப்போது பொறுப்பு கை மாறிவிடுகிறது. இயந்திரத்தின் தாமதம் கணக்கிலிருந்து நீங்கி, ஆடுபவரின் பிழை கணக்குக்குள் வருகிறது. ஒருவர் 20 மில்லிநொடி பிந்தினால் படம் 6 சென்டிமீட்டர் தள்ளி விழும். 10 மில்லிநொடி என்றால் 3 சென்டிமீட்டர். நேரடியாகக் கண்காணிக்கும் கேமராக்களைக் கொண்டு அந்த மிச்சத்தைத் திருத்தலாம். ஆனால் திருத்த வேண்டியது சிறிதாக இருந்தால்தான் அது பலிக்கும். ஆடும் உடல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும்.

ஹிரோஷிமாவில் தொடங்கிய பயிற்சி கணக்குக்குள் வந்து நிற்கும் இடம் இதுதான். மேடையில் நாம் வியந்து பார்க்கும் தொழில்நுட்பத்தின் மிகத் துல்லியமான பாகம் அந்த மூன்று உடல்கள்தான் என்பது என் துணிபு. புரொஜெக்டரைக் காசு கொடுத்து வாங்கலாம். பத்தாண்டுக்கும் மேற்பட்ட பழக்கத்தை வாங்க முடியாது.

காதுக்கு முன்னால் ஓடும் கால்

மனித உடலுக்கும் தாமதம் உண்டு. ஓர் ஓசையைக் கேட்டு விரலை அசைக்க நமக்கு ஏறத்தாழ 150 மில்லிநொடி ஆகிறது. காதிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து தசைக்கும் செய்தி போக வேண்டுமே. நிமிடத்துக்கு 128 தட்டு என்பது நடன இசையில் சாதாரண வேகம். அதில் இரண்டு தட்டுகளுக்கு இடையே 469 மில்லிநொடிதான். ஒவ்வொரு தட்டையும் கேட்ட பிறகே ஆடுவதென்றால், எல்லோரும் எப்போதும் தட்டின் மூன்றில் ஒரு பங்கு பிந்தியே ஆடிக்கொண்டிருப்போம்.

அப்படி நடப்பதில்லை. சீராக ஒலிக்கும் தாளத்துக்கு விரலால் தட்டச் சொல்லி உளவியலாளர்கள் பலமுறை அளந்திருக்கிறார்கள். பெரும்பாலானோரின் விரல், ஒலி வருவதற்குச் சில பத்து மில்லிநொடி முன்னதாகவே தட்டிவிடுகிறது. தட்டுபவருக்கு அது தெரிவதில்லை. சரியாகச் சேர்ந்து தட்டுவதாகவே நினைக்கிறார். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த முந்துதல் குறைகிறது, தட்டும் சீராகிறது. மூளையும் அட்டவணை வைத்துக்கொண்டு முன்னால் பார்க்கிறது என்பதே இதன் பொருள்.

ஆக, மேடையில் கணித்து ஓடுபவர்கள் இரண்டு தரப்பு. பாட்டைக் கணித்து உடல் ஓடுகிறது. உடலைக் கணித்து வெளிச்சம் ஓடுகிறது. இரண்டு கணிப்பும் ஒரே கணத்தில் பொருந்தும்போது, பார்ப்பவருக்குத் தாமதமே இல்லை என்று தோன்றுகிறது. உண்மையில் தாமதம் எங்கும் போய்விடவில்லை.

மூன்று நகரங்கள், ஒரே நடனம்

இதை இன்னும் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017 நவம்பரில் ஜப்பானியத் தொலைபேசி நிறுவனமான என்டிடி டோகோமோவோடு சேர்ந்து நடத்திய நேரலையில், மூவரும் மூன்று நகரங்களில் நின்று ஆடினார்கள்: டோக்கியோ, நியூயார்க், லண்டன். திரையில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஆடுவதாகத் தெரிந்தது. அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த தலைப்பே தொலைவை ஒழிக்கச் சொல்லும் அறைகூவல்.

தொலைவு ஒழியுமா? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. டோக்கியோவிலிருந்து நியூயார்க் நேர்த்தொலைவு சுமார் 10,900 கிலோமீட்டர். கம்பி நேராகவே போனாலும் ஒருவழிப் பயணத்துக்கு 54 மில்லிநொடி வேண்டும். கம்பிகள் நேராகப் போவதில்லை. வழியில் கருவிகளும் உண்டு. கண்ணாடி இழைக்கு இயற்கையே போட்ட இந்தக் கீழ்வரம்பை எந்த நிறுவனமும் உடைக்க முடியாது. நியூயார்க்கில் ஆடுபவர் டோக்கியோவின் படத்தைப் பார்த்து ஆடினால் 54 மில்லிநொடி பிந்துவார். அவருடைய படம் திரும்பி டோக்கியோ வரும்போது பிந்தல் 108 ஆகியிருக்கும். அதைப் பார்த்து டோக்கியோவில் இருப்பவர் காத்திருந்தால் ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போய் நின்றுவிடும்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, ஒருவரையொருவர் பார்த்து ஆடாமல் இருப்பது. மூன்று நகரங்களின் கடிகாரங்களையும் பொருத்திவிட்டு, குறித்த கணத்தில் மூன்று இடங்களிலும் ஒரே பாட்டைத் தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பாட்டுக்கு ஆட வேண்டும். படங்கள் வந்து சேருமிடத்தில், முன்னதாக வந்தவற்றைப் பிடித்து நிறுத்தி, கடைசியாக வருவதற்காகக் காத்திருந்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வெளியிட வேண்டும். பார்வையாளர் காண்பது சற்றுமுன் நடந்துமுடிந்த ஆட்டம். மூவரின் ஒற்றுமை மட்டும் குலையாமல் வந்து சேர்கிறது.

இப்படி ஆடுவதற்கு, பக்கத்தில் இல்லாத இருவரும் இந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒருவருக்கு முழு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நிச்சயத்தைக் கம்பிவழி அனுப்ப முடியாது. அது அவர்களிடம் முன்பே இருந்தது.

தாமதத்தை இழந்த குரல்

இதுவரை உடல். இனிக் குரல். பெர்ஃப்யூம் பாடலை முதன்முறை கேட்பவர் கேட்கும் கேள்வி: இது மனிதக் குரலா, இயந்திரமா?

மனிதக் குரல்தான், ஆனால் அதன் ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போக, தொண்டைத் தசைகள் குரல்நாண்களை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். இதற்குப் பத்தில் ஒரு நொடி அளவுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் குரல் வழுக்கிக்கொண்டே போகிறது. சற்றுத் தாண்டிவிட்டுத் திரும்புகிறது, மெல்ல நடுங்குகிறது. நம் காதுக்கு இவையெல்லாம் பிழையாகத் தெரிவதில்லை. உயிருள்ள ஒருவர் பாடுகிறார் என்பதற்கான அடையாளங்களாகவே தெரிகின்றன.

சுருதித் திருத்தி என்று நாம் அழைக்கக்கூடிய மென்பொருள் இந்த வழுக்கலைக் கையாளுகிறது. 1997-இல் ஆட்டோ-டியூன் என்ற பெயரில் இதை வெளியிட்ட ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்குமுன் எண்ணெய் தேடும் துறையில் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். பூமிக்குள் போய்த் திரும்பும் அலையிலிருந்து பாறை அடுக்கைக் கண்டுபிடித்த கணக்குகளில் தேர்ந்தவர், குரலலையிலிருந்து சுருதியைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தார். அலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது என்று மென்பொருள் பார்க்கிறது. நொடிக்கு 440 முறை என்றால் அது ஒரு குறிப்பிட்ட ஸ்வரம். 432 முறை என்றால் அந்த ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே. உடனே மேலே தூக்கிவிடும்.

எவ்வளவு வேகத்தில் தூக்குவது? இதைப் பயன்படுத்துபவர் தீர்மானிக்கலாம். மெல்லத் தூக்கினால் கேட்பவருக்குத் தெரியாது. பாடகர் நன்றாகப் பாடியிருக்கிறார் என்று நினைப்பார். தாமதத்தைப் பூஜ்யமாக வைத்தால் வழுக்கல் முழுவதும் அழிந்துவிடும். குரல் படிக்கட்டில் ஏறும், சரிவே இருக்காது. நகாடாவின் பாடல்கள் பலவற்றில் நாம் கேட்பது இதைத்தான். பாடும்போது உணர்ச்சியைக் கொட்ட வேண்டாம் என்று மூவரிடமும் அவர் சொன்னதும் உண்டு. அவருக்குக் குரல் ஒரு வாத்தியம்.

'பாலிரிதம்' பாடலின் நடுப்பகுதியில் அவர் இதை எல்லைவரை கொண்டுபோகிறார். ஒரு சொல்லை வெட்டி, அதைச் சுற்றுச்சுற்றாக ஓடவிட்டு, தாளத்தின் நான்கோடு பொருந்தாத எண்ணிக்கையில் குரல்களை அடுக்குகிறார். ஐந்து எண்ணிக்கைச் சுற்றும் நான்கு எண்ணிக்கைச் சுற்றும் இருபதில்தான் சந்திக்கும். அதுவரை காது நிலைகொள்ளாமல் தவிக்கும். 

ஒன்றைக் கவனித்தீர்களா? மேடையில் தாமதத்தை மறைக்க எத்தனை பாடு! குரலில் தாமதத்தை உண்மையாகவே அழித்துவிட்டார்கள். அழித்த உடனே நம் காது, இது மனிதர் இல்லை என்று சொல்லிவிட்டது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஆகும் அந்தச் சிறு நேரத்தில்தான் மனிதர் இருக்கிறார்.

பன்னிரண்டு புள்ளிகள்

அப்படியானால் பெர்ஃப்யூம் மேடையில் மனிதர் எங்கே இருக்கிறார்? உடலில். இதைப் புரிந்துகொள்ள 1973-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து, மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிப் படமெடுத்தார். படத்தை நிறுத்திக் காட்டினால் ஏறத்தாழ ஒரு டஜன் புள்ளிகள். யாருக்கும் எதுவும் விளங்காது. படம் ஓடத் தொடங்கினால், நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் மனிதர் நடக்கிறார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அதன் பின் வந்தவர்கள் இன்னும் தள்ளிப்போய்ப் பார்த்தார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி இருவரும் நடத்திய சோதனையில், வெறும் புள்ளிகளின் நடையை வைத்து மக்கள் தங்கள் நண்பர்களைத் தற்செயலைவிட அதிகமாக அடையாளம் கண்டார்கள். 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நடனக் கலைஞர்கள் மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம் முதலியவற்றைப் புள்ளிகளாகவே ஆடிக் காட்டினார்கள். முகமே தெரியாத அந்தப் புள்ளிகளில் உணர்ச்சியைப் பார்வையாளர்கள் படித்துவிட்டார்கள். அசைவு ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றை மனாபே 2008-இல் செய்து காட்டியிருந்தார். முகத்தில் மின்முனைகளை ஒட்டி, இசைக்கேற்ப மின்துடிப்பு கொடுத்துத் தசைகளை இழுக்கவைத்தார். புருவம் துடிக்கிறது, உதடு கோணுகிறது, எல்லாம் தாளம் தவறாமல். ஆனால் அந்த முகத்தில் யாரும் சோகத்தையோ சிரிப்பையோ காண்பதில்லை. தசை அசைந்தாலும் அசைப்பவர் அங்கே இல்லை. பெர்ஃப்யூமோடு வேலை தொடங்குவதற்கு முன்பே இந்தப் பாடத்தை அவர் தம் முகத்திலேயே கற்றிருந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2012-இல் பெர்ஃப்யூம் குழுவினர் செய்த காரியம் இந்தக் கதையின் உச்சம். மூவரின் நடனத்தை அசைவுப்பதிவு செய்து, ஒவ்வொருவருடையதையும் தனித்தனிக் கோப்பாக, இசையோடு சேர்த்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். எவரும் எடுத்துத் தம் படைப்புகளில் பயன்படுத்த முடிந்தது. உலகெங்கும் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கோப்புகளை எடுத்துக் கட்டங்களை ஆடவைத்தார்கள், கோட்டோவியங்களை ஆடவைத்தார்கள். முகம் இல்லை, குரல் இல்லை, உடை இல்லை. வெறும் மூட்டுகளின் எண்கள்.

அந்த எண்களை வரைந்து பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல. ஒரே நடனம், ஒரே ஆசிரியை, ஒரே தாளம். இருந்தும் நிற்கும் விதத்திலும், நிற்பதற்கு முன் கை வேகத்தைக் குறைக்கும் விதத்திலும், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் விதத்திலும் மூவரும் வேறு வேறு. சில மில்லிநொடி, சில சென்டிமீட்டர். வெளிச்சத்தை உடலில் ஒட்டவைக்கும் பொறியாளருக்கு இது திருத்த வேண்டிய பிழை. பார்க்கும் நமக்கோ, ஆடுவது ஆ-சானா நோச்சியா என்று சொல்லும் கையொப்பம். துல்லியம் கூடக்கூட இந்த வேறுபாடு மறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. மற்ற எல்லாம் ஒன்றாகிவிட்டதால், மிச்சமிருக்கும் அந்தச் சிறு வேறுபாடு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூவரும் நீண்ட நேரம் பேசுவார்கள். மென்பொருள் தொடாத குரல்கள். ஹிரோஷிமா வட்டார வழக்கு. சிரிப்பு, சில நேரம் அழுகை. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவார்கள். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி அந்தப் படிக்கட்டுக் குரல். இரண்டையும் ஒரே மாலையில் கேட்ட ரசிகர், இயந்திரக் குரலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அறிந்தே கேட்டார். மனம் நெகிழ இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2025 செப்டம்பரில், பெரிய நிறுவனத்தின் வழியே முதல் இசைத்தட்டு வெளியாகி இருபது ஆண்டு நிறைந்தபோது, அந்த ஆண்டு முடிவோடு குழுவின் பணிகளை நிறுத்திவைப்பதாக மூவரும் அறிவித்தார்கள். கான் நிகழ்ச்சியின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. ஒருமுறை வெளிச்சத்துக்காகப் பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, உடைமேல் ஓடும் படங்களை விட்டுவிட்டு, மூவரின் மணிக்கட்டுகளை மட்டும் பாருங்கள். நிற்கும் இடங்களில் யார் எப்படி நிற்கிறார் என்று கவனியுங்கள். மூன்றாம் முறை பார்க்கும்போது, முகத்தை மறைத்தாலும் மூவரையும் உங்களால் பிரித்துச் சொல்ல முடியும்.